கருவாட்டுப்பாறை

ஹோட்டல் மேனேஜர் ஐயா, உங்கள் ஹோட்டலுக்கு வரும் ரோட்டுப் பலகையில் கருவாட்டுப்பாறை என்ற எங்கள் ஊர்ப்பெயரை அழித்தது நீங்கள்தான்.

நேற்று என் மனைவி கருவாடு சுட்டாள். அந்த மணத்தில் சின்ன வயது திரும்பி வந்தது. தேயிலையில் வாடை ஏறிவிடும் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கருவாடு சுட வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே தடை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் மேலே பாறைக்குப் போய்ச் சுடுவார்கள். ஊருக்குப் பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருநாள் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா அங்கேயே வந்து நின்றார்.

"தேயிலைக்கு மூக்கு இருக்காம், எங்களுக்கு வயிறு இல்லீங்களா?" என்றாள் அம்மா.

"எனக்கும் இருக்குதானே, ஒரு துண்டு குடு புள்ள" என்று வாங்கித் தின்றார். நாங்கள் சுடுரொட்டியோடு வயிறு நிறையத் தின்றோம்.

வரும் ஞாயிறு நீங்களும் பாறைக்கு வாருங்கள். உங்களுக்கும் தருகிறோம். தின்றுவிட்டு, ஊரார் முன்னால் பதில் சொல்லுங்கள்: எங்கள் பெயரில் உங்களுக்கு என்ன நாறியது?