பாய்லர் தணல்

என் தம்பியைக் கொன்றது மடுல்சீமை மலைக்குளிரா, குளிருக்காக வைத்த தணலா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்று மாலை மாமியார் சட்டியில் கரித்தணலைக் கொண்டுவந்து என் கைக்குழந்தையின் தொட்டிலடியில் வைத்தார். அந்த வாடை ஏறியதும் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த பழைய லயத்து அறை கண்முன் வந்துவிட்டது.

அப்பா துரை பங்களாவின் பாய்லருக்கு விறகு போடுபவர். நெருப்பு வெளிக்கொட்டகையில் எரியும். புகை கூண்டு வழியே மேலே போய்விடும். கொதிநீர் மட்டும் இரும்புக் குழாய்களில் ஓடி அறைகளைச் சூடாக்கும். எங்கள் அறைக்குச் சன்னல்கூட இல்லை.

"தொரை வீட்டுச் செவத்துக்கெல்லாம் சூடு காட்டுறீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு சட்டித் தணல் கொண்டாந்தா தேஞ்சா போயிருவீங்க?" என்று அம்மா குத்தினாள்.

அன்றிரவு அப்பா பாய்லர் தணலை அள்ளி வந்தார். "கதவச் சாத்து புள்ள, சூடு வெளிய போயிரும்" என்றார்.

விடிந்தபோது எங்களுக்குத் தலை பாரமாக இருந்தது. பிறந்து சில வாரமேயான தம்பி அசையவில்லை. "பனி அடிச்சிருச்சு" என்றார்கள் லயத்தார். தம்பியை அடக்கம் செய்ய எடுப்பதற்குள் பங்களாவிலிருந்து ஆள் வந்தான்: "தொரைக்குத் தண்ணி சுடலையாம், வாங்க." அப்பா போனார்.

அடைத்த அறையில் கரித்தணலின் நச்சுவாயு ஆளைக் கொல்லும் என்று பிறகு பதுளைப் பள்ளியில் படித்தேன். அதைச் சொன்னால், "படிச்ச திமிரக் காட்டாத, புள்ள வெறச்சுப் போயிரும்" என்கிறார் மாமியார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த இந்த அப்புத்தளையின் பனியும் பொய்யில்லையே. கதவைக் காலால் திறந்து பிடித்தபடி இதை எழுதுகிறேன்.

மலையில் பிள்ளை வளர்க்கும் தாய்மாரே, தணல் இல்லாமல் கைக்குழந்தையை எப்படிச் சூடாக வைத்திருக்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.