பக்கத்தில் கிடந்த கை

தங்கபுஷ்பம் பயந்தாங்கொள்ளி இல்லை. தாயில்லாமல் வளர்ந்து, பத்து வயதில் பீடி சுற்ற உட்கார்ந்து, சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடிக்குக் கடைக்காரன் முகத்துக்கு நேரே நியாயம் கேட்டவள். மேலகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், வீட்டுக்குள் நுழைந்த சாரைப்பாம்பை விளக்குமாற்றாலேயே விரட்டினாள். அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒரு கை கிடுகிடுக்க வைத்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். தலைப்பிள்ளை, ஆண். பிறந்து ஒன்பதாம் நாள் மத்தியானம், மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு கண் விழித்தவள், பிள்ளையைத் தேடி வலது கையால் பாயைத் தடவினாள். பிள்ளை அகப்படவில்லை. ஒரு கை அகப்பட்டது. குளிர்ந்து, கனத்து, உயிரில்லாத கை. தூக்கி எறிந்தாள். அது திரும்ப அவள் மேலேயே வந்து விழுந்தது.

அலறல் கேட்டு மாமியார் ஆவுடையம்மாள் ஓடி வந்தாள்.

“அத்தே, பிள்ளைகிட்ட யாரோ கைய நீட்டுதா! என் வளவியையும் களவாண்டு போட்டிருக்கா, பாருங்க!”

“ஏட்டி, ஒங்கைதாம்ட்டி அது.”

“எங்கை இங்கன இருக்கு” என்று வலது கையை ஆட்டிக் காட்டினாள்.

ஆவுடையம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. அதே அறையில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் அவள் மகள் சண்முகசுந்தரி, பேறுகாலத்துக்கு வந்தவள், பிள்ளை பெற்ற பதினோராம் நாள் வலிப்பு வந்து செத்தாள். தான் தடுத்தும் பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைத் திருடிக் குடித்தாள், பச்சை உடம்பில் நீர் கோத்து ஜன்னி கண்டது என்பது தாய்க்காரியின் தீர்ப்பு. அதனால் மருமகளுக்கு மருந்துருண்டையும் கருவாடும் தாராளமாகக் கிடைத்தன. தண்ணீர் மட்டும் வேளைக்கு ஒரு பாலாடை, பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்களவு. பானையையே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொருத்தியையும் வாரிக்கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. செத்த மகள்தான் பிள்ளை கேட்டு வந்திருக்கிறாள்.

தங்கபுஷ்பம் தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, இன்னும் போடுங்கள் என்றாள். இடது பாதி அப்படியே இருந்தது. புருஷன் இசக்கிப்பாண்டி இடது பக்கம் நின்று கூப்பிட்டால், வலது பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவள் மறிக்கவில்லை. அந்தக் கை கிடக்கிற இடத்தில் தன் பிள்ளை இருக்கக் கூடாது என்பதில் மாமியாரைவிட அவள் கண்டிப்பாக இருந்தாள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால், வலது கையால் அந்தக் கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வாள், அது எழுந்து போய்விடாதபடி.

சாயங்காலம் புருஷனைக் கிட்டே வரச்சொல்லி, காதோடு சொன்னாள்: “அருவாமனைய எடுத்துட்டு வாங்க. அவ அசந்திருக்கா. இப்பமே அறுத்துருவோம்.”

இசக்கிப்பாண்டி அதற்குமேல் பொறுக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாக வண்டியைக் கட்டினான்.

பேயானாலும் பித்தானாலும் குற்றாலத்துப் பேரருவி தலையில் விழுந்தால் இறங்கிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கத்தான் ஆகாதாம், அருவியில் நிற்கலாமாம்! பயம் வந்துவிட்டால் பத்தியத்துக்கு ஏது நியாயம்? சாரல் காலம், அருவி கொட்டு கொட்டென்று கொட்டியது. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துக்கொள்ள, முதல் வீச்சு தலையில் விழுந்ததும் தங்கபுஷ்பம் அண்ணாந்து வாயைத் திறந்தாள். குடித்தாள். மூச்சு முட்ட முட்டக் குடித்தாள். ஒன்பது நாள் தாகம்.

ஆவுடையம்மாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். “குடிக்காதட்டி! எம்மவ மாதிரி நீயும் போயிராத!”

வாயை விடுவிக்கத் திமிறும்போதே தங்கபுஷ்பத்தின் உடம்பு வெட்டி இழுத்தது.

அங்கிருந்து நேரே தென்காசி ஆசுபத்திரி. நரம்பில் ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாக நீர் ஏற்றினார்கள். நாலு நாள், பிழைப்பாளா என்பதே தெரியவில்லை. எட்டாம் நாள், படுக்கையில் கிடந்த அந்தக் கையின் சுண்டுவிரல் அசைந்தது. தங்கபுஷ்பம் வீறிட்டாள். செத்த கை அசைந்தால் யார்தான் வீறிட மாட்டார்கள்?

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வலது கையை எடுத்து அவளுடைய இடது தோளில் வைத்தாள். அங்கிருந்து மெல்லக் கீழே நகர்த்தினாள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல். எந்த இடத்திலும் விட்டுப்போகவில்லை.

“அப்பம் இது எங்கைதானா?” என்று கேட்டு, தங்கபுஷ்பம் ஏங்கி ஏங்கி அழுதாள். அன்றைக்குத்தான் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி மடியில் போட்டுக்கொண்டாள்.

“பேய் எறங்கிட்டாம்மா?” என்று இசக்கிப்பாண்டி கேட்டான்.

“பேயுமில்ல, பிசாசுமில்ல. தலைக்குள்ள வலது பக்கத்து மூளைதான் இடது கையை ஆட்டி வைக்குது. அந்தக் கை நம்மளுதுன்னு ஞாபகம் வச்சிருக்கறதும் அதுதான். அங்க ரத்தம் உறைஞ்சு அடைச்சிருச்சு. பிள்ளை பெத்த உடம்புல ரத்தம் லேசுல உறையும். தண்ணியும் குடுக்காம வச்சா, கஞ்சி இறுகற மாதிரி இறுகிடும்.”

வீட்டில் முன்பு நடந்த சாவையும் டாக்டரம்மா விசாரித்திருந்தாள். ஆவுடையம்மாள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னாள்: “உங்க மகளுக்கும் இதுதான்மா வந்திருக்கும். அந்த ஒரு செம்புத் தண்ணி அவளைக் கொல்லல. அது பத்தாமத்தான் போயிட்டா.”

ஆவுடையம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தன் கையைப் பார்த்தபோதுகூட வராத அளவு பயம் தங்கபுஷ்பத்துக்கு மாமியாரின் முகத்தைப் பார்த்தபோது வந்தது. “அத்தே” என்றாள். மாமியார் காதில் விழவில்லை.

ஆவுடையம்மாள் டாக்டரம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

“ஒங்களக் கும்பிடுதேன் தாயி, பேயின்னே சொல்லிருங்க.”