சாம்பலான முதல் குறிப்பேடு

வில்லியனூரில் மேரி எனப்படும் பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுகளைப் படியெடுப்பது என் வேலை. தேதியில்லாத தாளைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. அது தெரிந்துதான் ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லையை ஒட்டியிருந்த வேதாகம உயர்படிப்பு மடத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி அதன் பெரிய சாமியார் என்னைக் கேட்டார். கத்தோலிக்கக் குருக்கள் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமத்தை மூலமொழியிலேயே ஆராய வரும் இடம் அது.

மடம் ஓலைக் கொட்டகையாக இருந்த காலத்துக்கு ஒரே ஒரு குறிப்பேடுதான் மிஞ்சியிருந்தது. மடத்தை நிறுவி, இங்கேயே இறந்துபோன பிரெஞ்சுச் சாமியார் தம் கையால் எழுதியது. இரண்டு மாலை உட்கார்ந்து வாசித்தேன். வகுப்பு தொடங்கிய நாள், புயலில் கூரை போன நாள், முதல் தேர்வு நடந்த நாள், மணி எல்லாம் குறித்துக்கொண்டேன். பெயர்களைப் பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அதில் ஒரு பெயர், ஏம்பலத்தில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியாருடையது. கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பிரெஞ்சுச் சாமியாருக்குத் தமிழ் கற்பிக்க வந்து, அவரிடமே எபிரேயம் கற்று, குருக்களோடு சேர்ந்து முதல் தேர்வையும் எழுதியவர். நான் வரலாறு எழுதுவதைக் கேள்விப்பட்டு நடந்தே வந்தார்.

"எபிரேயம் படிச்சேன்னா எங்க வூட்ல சிரிக்கிறாங்கய்யா. 'ஆமா, மாமனாரு வெள்ளக்காரன் கூட பரீட்சை எழுதுனாரு'ங்கறான் மருமவன். அச்சுல ஒரு வரி வந்தா போதும்."

வரும் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஐரோப்பாவில் போர் தொடங்கியபின் வந்த முதல் விபூதிப் புதனன்று பெயர்களை எடுக்கப் போனேன். குறிப்பேட்டைக் காணவில்லை. மடத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைக் கேட்டேன்.

"அந்தச் செல்லரிச்ச நோட்டா முசே? ஓரத்துலல்லாம் வேத எழுத்து இருந்துச்சே! பழைய குருத்தோலையோட வெச்சு மரியாதையாக் கொளுத்திட்டேன்."

மந்திரித்த பொருளைக் குப்பையில் போடாமல் எரிப்பது எங்கள் வழக்கம். முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையின் சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று நெற்றியில் இடுவார்கள். அன்று காலைப் பூசையில் நானும் வாங்கியிருந்தேன்.

"யாரைக் கேட்டுய்யா கொளுத்தின?"

"இன்னா கோவிக்கிறீங்க? பொட்டலம் மடிக்கவா குடுக்க முடியும்?"

பெரிய சாமியாரிடம் ஓடினேன். அவர் என் கைப்பிரதியில் உபதேசியாரைப் பற்றிய வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"சான்று எங்க?"

"நான் கண்ணால பார்த்தேன் சாமி. மேரியில ரெண்டு சாட்சி சொன்னா பதிவு செய்வோம்."

"சரி, ரெண்டாவது சாட்சி யாரு?"

அந்தத் தேர்வை எழுதிய குருக்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. உபதேசியார் தமக்குத் தாமே சாட்சியாக முடியாது என்றார் பெரிய சாமியார். "ரெண்டு நாள் உட்கார்ந்து தேதியை மட்டுமா எழுதினீங்க?" என்றும் கேட்டார்.

புத்தகம் அச்சாகி வந்ததும் உபதேசியார் வந்தார். தேர்வைப் பற்றிய பத்தியில் இரண்டு முறை விரலை ஓட்டினார்.

"நாளும் சரி, மணியும் சரி. எழுதுனவன் மட்டும் இல்லியே?"

நடந்ததைச் சொன்னேன். ஒரு பிரதியை எடுத்துப்போகச் சொல்லி நீட்டினேன்.

"வேணாங்கய்யா. இத்தக் கொண்டு போனா இன்னும் சிரிப்பாங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டு, வெயிலோடு ஏம்பலத்துக்கு நடந்தார்.