யோவா, மேயா?

கணபதி பகுதியில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லேத்துப் பட்டறையின் எண்ணெய் வாடையும் இரும்பு சீவும் கிரீச்சொலியும் உள்ளே வந்துவிடும் என்பதால், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டே விமலா அக்கா ஸ்பானிஷ் படித்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அந்த மொழி தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. “வேல கெடைக்கலீன்னா ஆனைமலைக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிப்போடறேன் கண்ணு” என்றிருந்தார் அப்பா. அந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஏழாம் வகுப்பு முடித்திருந்த நான் புத்தகத்தோடு பின்னால் ஓடிக் கேள்வி கேட்பேன். ‘யோ’ என்றால் நான். செய்வது நம் மேலேயே திரும்பி விழுந்தால் ‘மே’ சேர வேண்டும்.

“சட்டி கழுவறேன்?”

“வெறும் யோ.”

“குளிக்கிறேன்?”

“மே.”

“நம்ம பேச்சுல இந்த ‘ரோதனை’யெல்லாம் இல்லியே” என்பாள் அம்மா.

நேர்முகத்தன்று அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட். துணைக்கு நான் போனேன். ஸ்பெயினிலிருந்து வந்திருந்த நரைத்த தலைக்காரர் பெயர் கேட்டார். “யோ யாமோ விமலா” என்றாள் அக்கா. ‘நான் விமலாவைக் கூப்பிடுகிறேன்’ என்று அர்த்தம். அவர் வாசல் பக்கம் திரும்பி, யாரோ வரப்போகிறார்கள் என்று பார்த்தார். அக்கா தன் நெஞ்சில் கை வைத்து, “மே யாமோ விமலா” என்று நிதானமாகத் திருத்தினாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

வேலை கிடைத்த கடிதம் வர மூன்று வாரமாயிற்று. அதற்குள் பொறுக்காமல் அப்பா ஆனைமலைக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, “நீங்களே போய் வேண்டாம்னு சொல்லிப்போட்டு வாங்க. நான் வேலைக்குப் போறனுங்க” என்றாள் அக்கா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் திரும்பினார். அக்கா சோறு கொண்டுபோக ஒரு புது ‘தூக்குப்போசி’யை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். போன தை மாதம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, நேர்முகம் நடந்த அறை எங்கே இருந்திருக்கும் என்று நானும் அக்காவும் தேடிப் பார்த்தோம். கண்டுபிடிக்க முடியவில்லை. “ஆனைமலையில அப்பா என்ன பேச்சு வாங்கினாருன்னு கடைசி வரைக்கும் நான் கேக்கவே இல்ல” என்றாள் அக்கா. இனிக் கேட்க அவரும் இல்லை.