சரிவுப் பாதை

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் மாதங்கி இருந்தாள். முதுகுத்தண்டில் அடிபட்டு, ஆறு வருடமாகச் சக்கர நாற்காலி. மாற்றுத்திறனாளிகளுக்காக அரசுக்கு மனு எழுதும் ஒரு சின்ன அமைப்பில், வீட்டிலிருந்தபடியே வேலை.

லிஃப்ட் இருந்தது. ஆனால் வாசலில் நான்கு படி. தனக்காகவே பதினோரு மனு போட்டாள். சட்டப் பிரிவுகளை எடுத்துக்காட்டினாள், அதிகாரிகளை விடாமல் துரத்தினாள். ஒன்றரை வருடத்தில் உத்தரவு வந்தது. படியோரம் சிமெண்டில் சரிவுப் பாதையும் வந்தது.

மறுவாரமே அதன்மேல் மூன்று மோட்டார் பைக் நின்றன.

அவளைத் தீதி, அக்கா, என்றழைக்கும் காவலாளி உத்தமன் தயங்கினான். "தீதி, நீங்க எங்க வெளிய போகப்போறீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ரஞ்சனிடம் புகார் சொன்னாள். பைக்குகள் நகர்ந்தன; இரண்டு நாளில் திரும்பி வந்தன. மாதங்கி பௌதி, அண்ணி, என்று அழைக்கும் அடுத்த வீட்டுக்காரி அன்பாகவே சொன்னாள்: "என்ன வேணுமோ சொல்லு, நான் வாங்கிட்டு வரேன். நீ எதுக்கு அலையணும்?"

வீட்டிலும் அதுதான். கணவன் ஜெய்ராம் ஆறுதலாகச் சொன்னான்: "உத்தரவு வாங்கிட்டியே, ஜெயிச்சாச்சு. அவசரம்னா நான் தூக்கிண்டு போறேன்."

"உத்தரவு வாங்கறது ஒரு வேலை, அவ்வளவுதான். அதுக்கு யாருக்கு எழுதணும்னு தெரியும். என்னை வீட்டுக்குள்ள இருக்கறவளாவே எல்லாரும் பாக்கறாளே, அதை மாத்த எந்த ஆபீசுக்கு எழுதறது?"



துர்கா பூஜைக்குழுக் கூட்டத்தில், பந்தலில் வருபவர்களை வரவேற்கும் பொறுப்பைக் கேட்டாள். ரஞ்சன் சிரித்தார். "உங்களுக்கு எதுக்கு சிரமம்? மேடையில உட்காருங்க. 'தைரியமான பெண்மணி'ன்னு சால்வை போடறோம்."

"சால்வை வேண்டாம். வேலை குடுங்கோ."

கொடுக்கவில்லை.

அஷ்டமி காலை, புதுப்புடவை கட்டி, லிஃப்டில் தனியாகவே இறங்கினாள். சரிவில் இரண்டு பைக். பந்தல் முப்பதடி தூரம். டாக் மேளத்தின் முழக்கம் நெஞ்சில் அதிர்ந்தது. உத்தமன் பந்தல் வேலைக்குப் போயிருந்தான். ஜெய்ராமைக் கூப்பிட போனை எடுத்தவள், திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். தூக்கிப் போனால், எல்லோரும் எதிர்பார்த்த காட்சிதான் அது.

போகிறவர்கள் நின்றார்கள். "போக் பிரசாதம் கொண்டு வரட்டுமா?"

"பிரசாதம் வேண்டாம். இந்த வண்டியை எடுக்கணும். நான் பந்தலுக்குப் போகணும்."

ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். சாவி தேடுவதாகச் சொல்லிப் போனவர்கள் திரும்பவில்லை. நாற்பது நிமிஷம். புஷ்பாஞ்சலி முடிந்து கூட்டம் கலைந்தது.

அப்போதுதான் பௌதி வந்தாள். ஒரு வண்டி அவள் மகனுடையது. முகம் சிவந்தது. சாவி எடுத்து வந்து, மூச்சிரைக்கத் தானே தள்ளினாள். மற்றதையும் ஆளைப் பிடித்து நகர்த்தினாள்.

"இத்தனை நேரமா இங்கேயேவா உட்கார்ந்திருந்தே?"

"ஆறு வருஷமா, பௌதி."

மாதங்கி சரிவில் இறங்கினாள். பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சரிவில் பௌதி வீட்டு வண்டி இல்லை. வேறொன்று நின்றது. மாதங்கி வாசலிலேயே நாற்காலியை நிறுத்தி, அடுத்து வருபவருக்காகக் காத்திருந்தாள்.