வெங்காயம் படாத கத்தி

நல்ல வேட்டைக் கத்தி எது என்று ஆண்களிடம் கேட்டால் பிடியைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். மான்கொம்புப் பிடி, பித்தளைப் பூண் என்று அளந்து கொட்டுவார்கள். என் கணவரும் அப்படித்தான். வன்னியில் இருந்த காலத்தில் அவரிடம் நாலைந்து கத்திகள் இருந்தன. அவற்றில் அவர் உயிராக வைத்திருந்தது மான்கொம்புப் பிடி போட்ட நீளக் கத்தி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் சனம் முழுவதும் தன்னையே பார்ப்பதாக அவருக்கு நினைப்பு. உண்மையில் அந்தக் கத்தி ஒரு சதத்துக்கும் உதவாது. பன்றிக் கொழுப்புப் பட்டதும் பிடி வழுக்கும். நீளம் அதிகம் என்பதால் தோலுரிக்கும்போது முனை எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது. இதைச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பன்றியை அடிப்பதுதான் அவரும் கூட்டாளிகளும். வெட்டிப் பங்கு போடுவது நான். வழக்கமாக அதுவும் ஆண்களின் வேலைதான். ஆனால் என் கணவர் வெட்டினால் இறைச்சி நாய் கடித்ததுபோல் இருக்கும். கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தியை நான் வாங்கினேன். அதன்பிறகு கூட்டாளிகள் பன்றியை நேரே எங்கள் வீட்டு வளவுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை.

எனக்குப் பிடித்தது லொறியின் வில்லுத்தகட்டில் அடித்த கட்டைக் கத்தி. அலகு ஒரு சாணுக்கும் குறைவு. முதுகு தடித்தது, நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டுமென்றால் அதன்மேல் கட்டையால் ஓர் அடி போடலாம். வயிற்றுப் பக்கம் சற்று வளைந்திருக்கும், அந்த வளைவுதான் தோலையும் கொழுப்பையும் பிரிக்கும். முனை கூர்மையாக நிமிர்ந்து நிற்கக் கூடாது, கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குடலைக் குத்தி இறைச்சி முழுவதையும் நாறடித்துவிடும். இரும்பு பிடியின் அடிவரை ஒரே துண்டாக ஓட வேண்டும். பிடி சாதாரண விளாமரம் போதும், கை வேர்த்தாலும் வழுக்காது. பார்வைக்கு அது பிச்சைக்காரக் கத்தி. அவரும் அதை அப்படித்தான் சொல்வார். ஆனால் காட்டுக்குப் போகும்போது மான்கொம்பை இடுப்பில் செருகிவிட்டு, என் கட்டைக் கத்தியைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்துக்கொள்வார். நான் காணாதது மாதிரி நிற்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. வேட்டைக் கத்தி அடுப்படிக்குள் வரக் கூடாது. அதில் வெங்காயம் பட்டால் அந்த மணம் இரும்பில் ஏறிவிடுமாம், பன்றி காட்டின் அந்தக் கரையில் நின்றே மோப்பம் பிடித்துவிடுமாம். பன்றிக்கு வேறு வேலை இல்லையா என்று நான் சிரிப்பேன். ஒருமுறை அவசரத்துக்கு அந்தக் கத்தியால் தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிவிட்டேன். வெங்காயம்கூட இல்லை, வெறும் தேங்காய். என்னோடு அவர் பேசாமல் திரிந்தார், சாப்பாட்டை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

2009இல், போரின் கடைசியில், எல்லாம் போனது. வீடு, வளவு, நாய்கள், கத்திகள். ஆமிக்காரர் எங்களை முகாமுக்குள் எடுக்கும்போது அவரைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். இருக்கிறாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. பிரான்சில் இருந்த என் அண்ணன் என்னை எப்படியோ எடுப்பித்தார். நான் இங்கே வந்து சேர்ந்து, அகதி அந்தஸ்தும் கிடைத்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கிய பிறகுதான் அவர் விடுதலையான செய்தி வந்தது. தொலைபேசியில் அவர் குரலைக் கேட்டேன். கொஞ்சம் பொறுத்திருந்தால் அங்கேயே அவரோடு இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்புப் போகவில்லை.

அவரை இங்கே கூப்பிட விசா அலுவல் தொடங்கினோம். இன்னும் கொஞ்ச மாதம்தான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் கத்தி வாங்கப் போனேன். இலையுதிர் காலம் வந்தால் எங்கள் உணவகத்தில் காட்டுப்பன்றி இறைச்சி சமைப்பார்கள். காட்டுப்பன்றிக்குச் சங்லியே என்ற சொல்லை அங்கேதான் பிடித்தேன். பிரான்சிலும் பன்றி இருக்கிறது, காடு இருக்கிறது, அப்படியானால் அவருக்கு இங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று எனக்குள் ஒரு கணக்கு.

பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கத்திக் கடை. கடைக்காரர் மான்கொம்புப் பிடியைத்தான் முதலில் எடுத்து வைத்தார். உலகத்து ஆண்கள் எல்லாரும் ஒரே அச்சுத்தான். நான் தலையாட்டி மறுத்து, துருப்பிடிக்கும் இரும்பில் ஒரு கட்டைக் கத்தியைக் காட்டினேன். மதாம், இது துருப்பிடிக்கும், கவனம் வேண்டும் என்றார். துருப்பிடிக்காத இரும்பில் கூரும் பிடிக்காது என்று என் கணவர் சொல்வதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. முதுகைத் தடவிப் பார்த்தேன், முனையைப் பார்த்தேன், ஈரக் கையால் பிடித்துப் பார்க்கத் தண்ணீர் கேட்டேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிடி வழுக்கவில்லை.

திரும்பும் வழியில் லா சப்பலில் மரக்கறி வாங்கி, கத்திப் பெட்டியை முருங்கைக்காய்க்குக் கீழே வைத்துக்கொண்டு மெத்ரோவுக்கு நடந்தேன். வாசலில் பொலிஸ் நின்றது. பையைத் திறக்கச் சொன்னார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் பைக்குள் இருந்து முருங்கைக்காய் ஒன்றைத் தூக்கி, இது என்ன என்று கேட்டார். மரக்கறி என்றேன். எப்படிச் சாப்பிடுவது என்றார். சப்பித் துப்ப வேண்டும் என்று வாயால் செய்து காட்டினேன். அவர்கள் சிரித்து என்னைப் போகவிட்டார்கள். கூசேன்வில்லில் இருக்கும் அண்ணனுக்கு இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு விசரே? மனுசன் வாறதுக்கு முதல் கத்தியோ வாங்கினனீ? போடுறதுக்குச் சேட்டு ஒண்டு வாங்கியிருக்கலாமே."

"சேட்டு ஆரும் வாங்கிக் குடுக்கலாம், அண்ணை," என்றேன்.

மார்க்ஸ் டோர்மோயில் இரண்டு பெண்களோடு ஒரு வீட்டில் இருந்தேன், இப்போதும் அங்கேதான். கத்தியை என் உடுப்புப் பெட்டிக்குள் வைத்தேன். இந்த ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் இரும்பு லேசில் பழுதாகும். தேங்காயெண்ணெய் பூசினால் உறைந்து வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், அதனால் நல்லெண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசுவேன். ஒன்றையும் அதால் வெட்டியதில்லை. அவர் வரும்போது வெங்காய மணம் இருக்கக் கூடாது. பன்றிக்கு மூக்கு எவ்வளவு நீளம் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

அலுவல் இழுபட்டது. எங்கள் கலியாணம் கோயிலில் நடந்தது, பதிந்த பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தது. பிறகு எடுத்த பத்திரத்தை இங்கே நம்பவில்லை. ஒருமுறை மறுத்தார்கள். திரும்பப் போட்டோம், திரும்ப மறுத்தார்கள். அவர் வேறு வழியால் வர வெளிக்கிட்டு, இடையில் ஒரு நாட்டில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். வருடங்கள் போயின. தொலைபேசியில் முகம் பார்க்கும் காலம் வந்தது. அவர் தலை நரைத்துவிட்டது. அவரும் என்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கதைத்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"இஞ்சேரும், நீர் எனக்கெண்டு வாங்கின அந்தக் கத்தி இப்பவும் இருக்கோ?"

"ஓம். எண்ணெய் பூசி வைச்சிருக்கிறன்."

"சும்மா வைச்சு என்ன செய்யிறது? குசினிக்கு எடும். வெங்காயம், மீன் ஏதும் வெட்டும். நல்ல இரும்பு, வீணாப் போகுது."

தேங்காய்ச் சிரட்டைக்குப் பேச்சை நிறுத்திய மனிதர் இதைச் சொல்கிறார். விண்ணப்பம் மறுக்கப்பட்ட நாட்களில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

"கையைக் காட்டுங்கோ," என்றேன்.

"என்ன கை?"

"இடக்கை. காட்டுங்கோ."

கத்தி தீட்டினால் இடது முழங்கைக்குக் கீழே மயிரை மழித்துத்தான் அவர் கூர் பார்ப்பார். நான் அறிந்த காலமெல்லாம் அந்தக் கை மொட்டையாகத்தான் இருக்கும். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மயிர் கறுகறுவென்று வளர்ந்திருந்தது.

"காட்டுக்குப் போறேல்லையோ?"

"விட்டுட்டன்."

"ஏன்?"

அவர் வேறு பக்கம் பார்த்தார். "அடிச்சுக் கொண்டுவந்து ஆரிட்டைக் குடுக்கிறது? நான் வெட்டினால் எப்பிடி இருக்கும் எண்டு உமக்குத் தெரியாதே?"

அழவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம். "வரமாட்டன் எண்டால் வரமாட்டன் எண்டு வாயாலை சொல்லுங்கோ. வெங்காயத்திலை வைச்சுச் சொல்லாதையுங்கோ," என்று கத்தினேன். அவர் கையைக் கீழே இறக்கினார். பிறகு, "சொல்ல வாய் வரேல்லையப்பா," என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். பன்றியைத் துரத்திப் போன நாய் திரும்பி வராத நாட்களில், இனித் தேட வேண்டாம் என்று கூட்டாளிகளுக்குச் சொல்லும் குரல் அது.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். பலகையில் ஒரு வெங்காயத்தை வைத்தேன். அவர் சொன்னதைக் கேட்போம், ஒருமுறையாவது சொல் கேட்ட பெண்சாதியாக இருப்போம் என்று அலகை அதன்மேல் வைத்தேன். அழுத்த முடியவில்லை. எனக்கு அந்த மனிதர் வேண்டும். அவருடைய பொய்ப் பெருமையும், பேசாமல் இருந்துகொண்டே சாப்பிடும் சாப்பாடும் வேண்டும். வெட்டினால் அது ஒரு குசினிக் கத்தி, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து, புதிதாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மட்டக்களப்புப் பிள்ளை உள்ளே வந்தாள். மொட்டைக் கத்தியால் தக்காளியோடு தினமும் சண்டை பிடிக்கிறவள். என் கையில் இருந்ததைப் பார்த்து அவள் கண் விரிந்தது.

"அக்கா, இவ்வளவு வடிவான கத்தி. ஆர்ரை?"

"என்ரை மனுசன்ரை," என்றேன்.

அவள் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.