கொருக்குப்பேட்டை கிணற்றில் பொரி

1. தட்டில் நெளிந்தவை

வெள்ளை எனாமல் தட்டில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீரில் லார்வாக்கள் நெளிந்தன. நீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்துக் கிடந்ததால், மலேரியாக் கொசுவின் புழுக்கள்தான் என்பதில் சந்தேகமில்லை. எங்கள் ஆபீசர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மீன் விட்டாச்சுன்னு ரிப்போர்ட் குடுத்தீங்களே? அடுத்த வாரம் வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா ஸ்லாப் போட்டு மூடிடுங்க."

ஐம்பதுகளின் நடுவில், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டை ஒட்டிய ஒரு சந்தில் நடந்தது இது. நான் அப்போது மலேரியா இன்ஸ்பெக்டர். உலக நாடுகள் சேர்ந்து இந்த நோயை அடியோடு ஒழிப்பது என்று இறங்கியிருந்த காலம். கிராமங்களில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி. அடித்தார்கள். சென்னையில் மலேரியாக் கொசு வளர்ந்தது கிணறுகளில். சாக்கடைக்கு எண்ணெய் தெளிக்கலாம். குடிக்கிற கிணற்றில் தெளிக்க முடியாது. ஆகவே கம்பூசியா என்ற சின்னஞ்சிறு மீனை விடுவோம். அது லார்வாவைத் தின்னும். அதற்கும் அடங்காத கிணற்றை கான்கிரீட் ஸ்லாபால் மூடி, கைப்பம்பு வைப்பது விதி. ஸ்லாப் உடனே வரும். பம்பு எப்போது வரும் என்று எங்களாலேயே சொல்ல முடியாது.

இது கன்னியம்மாவுக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மனைவி. அந்தச் சந்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆபீசர் வண்டி நகர்ந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னாடி தெருவுல பம்பு வருது வருதுன்னு கெணத்த மூடினீங்கோ. அவங்கோ இன்னும் கொழாயாண்ட கொடத்தால அடிச்சிக்கினு கீறாங்கோ. எங்களையும் பேஜாரு பண்ணாத நைனா."

"புழு இருந்தா மூடித்தான் ஆகணும்மா."

"இன்னா பெரிய புழு? உன் மீனு எவ்ளோ ஷோக்கா கீது, எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. மீன் செத்திருந்தால் காரணம் புரியும். உயிரோடு இருக்கும் மீன் ஏன் வேலை செய்யவில்லை?

2. டூட்டி நேரத்தில் டிபன்

மறுநாள் காலை, மீன் பானை தூக்கும் ஜோசப்பை அழைத்துக்கொண்டு, பெண்கள் தண்ணீர் இறைக்கும் வேளையில் போனேன். ஒருத்தி வாளியை இறக்குமுன் முந்தானையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கிணற்றில் தூவினாள். அடுத்தவளும் தூவினாள். பொரி. மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்தன. அவை தின்னாமல் விட்டது கிணற்றுச் சுவர் ஓரம் ஒதுங்கி மிதந்தது. அதன் அடியில் லார்வாக்கள் சுகமாக இருந்தன.

ஜோசப் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், நம்ம ஸ்டாப்பு டூட்டி டைம்ல டிபன் சாப்புடுது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொரி போடக் கூடாது என்றேன். கன்னியம்மா இடுப்பில் கை வைத்தார்.

"திருவொத்தியூர் கோயில் கொளத்துக்குப் போனா பொரி போடறோம். வூட்டாண்ட கீற மீனு பட்டினி கெடக்கணுமா? பாவம் புடிக்காது?"

"அதுக்குத் தீனியே புழுதாம்மா. வயிறு நெறைஞ்சா புழுவைத் தேடாது. அந்தப் புழுதான் கொசுவாகி, குளிர்காய்ச்சலைக் கொண்டாருது."

"இத்தினியூண்டு மீனு புழு துன்றத நீ பாத்தியா? வாயால சொல்லாத. காட்டு."

3. இரண்டு ஜாடிகள்

காட்டுவது என்று முடிவு செய்தேன். அந்தக் கிணற்று மீன்களையே பிடித்து இரண்டு கண்ணாடி ஜாடிகளில் விட்டு, கன்னியம்மா வீட்டு ஜன்னலில் வைத்தேன். ஒரு ஜாடிக்குப் பொரி, மற்றதற்கு ஒன்றுமில்லை. பட்டினி ஜாடிக்கு அவரே காவல்.

மறுநாள் காலை சந்து முழுவதும் கூடியது. பொரி ஜாடிக்கு இன்னொரு பிடி போட்டுவிட்டு, தட்டிலிருந்த லார்வாக்களை இரண்டிலும் ஊற்றினேன். பொரி தின்ற மீன்கள் அசைந்துகொண்டு சும்மா இருந்தன. பக்கத்தில் லார்வா நெளிந்தும் திரும்பவில்லை. பட்டினி ஜாடியில் ஊற்றிய வேகத்தில் மீன்கள் பாய்ந்தன. தண்ணீர் தெளிந்தபோது அதில் மீன்கள் மட்டுமே இருந்தன.

"மெய்யாலுமே துன்னுதுடி!" என்றாள் ஒருத்தி.

கன்னியம்மா பட்டினி ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "போன மழைக்கு எம் புள்ள பல்லு கடகடன்னு ஆடக் கெடந்தானே, அது இதாலயா நைனா?"

"ஆமாம்மா."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இனிமே எவளாவது இதுல பொரி போட்டீங்கோ, அவ கொடத்த நான் கெணத்துல எறக்க வுட மாட்டேன். புண்ணியம் வோணுன்னா கோயில் கொளத்துக்குப் போங்கோ."

ஜோசப் வலை வீசி மிதந்த பொரியை அள்ளினான். சுவர் விரிசலில் முளைத்திருந்த செடிகளையும் பிடுங்கினோம். தினமும் காலையில் ஒரு வாளி எடுத்துத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். புழு குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் ஆபீசர் வரும் நாளன்று, ஸ்லாப் வண்டியும் சந்து முனையில் வந்து நின்றுவிட்டது.

ஆபீசர் ஒரு வாளி எடுத்தார், தட்டில் ஒன்றுமில்லை. நிழல் பக்கமாக விட்டு இன்னொரு வாளி எடுத்தார்; அதிலும் இல்லை. தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வண்டியைத் திருப்பி அனுப்புங்க" என்றார்.

"அப்ப நவுரு சார், தண்ணி மொள்ளணும்" என்று கன்னியம்மா வாளியை இறக்கினார்.

எத்தனையோ கிணறுகளுக்கு மீன் விட்டிருக்கிறேன். ஒரு கிணற்றை மூடாமல் காப்பாற்றிய அன்றைக்குப் போல் நெஞ்சு நிமிர்ந்து ஆபீசுக்கு நடந்ததில்லை. இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிணற்றுக்குள் விடுகிற மீனைவிட, கிணற்றைச் சுற்றி நிற்கிறவர்களிடம்தான் நமக்கு வேலை அதிகம். அவர்களுக்குக் கண்ணால் பார்க்கக் கொடுங்கள். மீதியை அவர்கள் செய்வார்கள். அடுத்த தெருவில் நாங்கள் மீன் விடப் போனபோது, நான் வாயைத் திறக்குமுன் கன்னியம்மா அங்கே வந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்:

"இது வேலைக்கு வந்த மீனுடி. விருந்தாளி இல்ல."